லைசென்ஸில் ஒட்டிய எல்

ஆர்டிஸ் கோப்ரிவாவின் கல்யாணத்தன்று பாதிரியார் கேட்ட கேள்விக்கு அவள் "ம்" என்று சொல்வதற்குள் விருந்தினர் எல்லோரும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்கள் என்று எங்கள் ஊரான கோல்டன்ராடில் சொல்வார்கள். அது பொய். இனிப்பு பரிமாறவே இல்லை, அதற்குள் சொல்லிவிட்டாள். நான் அங்கே இருந்தேன்.

ஆனால் அவள் வீட்டுத் தொலைபேசி கெட்டுப்போய்விட்டது என்று கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை வந்து கம்பியைச் சோதித்துவிட்டுப் போனது உண்மை. கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. மறுமுனையில் ஆர்டிஸ் இருந்தாள், அவ்வளவுதான்.

அவளை மட்டும் குறை சொல்லக் கூடாது. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருமே வாயைச் சிக்கனமாக வைத்திருப்பவர்கள். அதிலும் தன் பொருள் நன்றாக இருக்கிறது என்று சொல்வது தேவாலயத்தில் ஏப்பம் விடுவதற்குச் சமம். சொன்ன வாய் மூடுவதற்குள் ஆலங்கட்டி மழை வந்து பயிரை அடித்துவிடும் என்று பயம். களஞ்சியம் உடைந்து சோளம் வழிந்தாலும் "மோசமில்ல." இரட்டைக் குழந்தை பிறந்தாலும் "மோசமில்ல." ஒருமுறை சூறாவளி யூஜின் ஸ்காலாவின் கோழிக்கூட்டை அப்படியே தூக்கிக் கொண்டுபோய் அடுத்த மாவட்டத்தில் இறக்கிவைத்தது. கோழிகள் உள்ளேயே முட்டையிட்டிருந்தன. "எப்படி இருக்கு யூஜின்?" என்று கேட்டால், "மோசமில்ல, முட்டை உடையல" என்றார்.

இந்தச் சொல்தான் ஆர்டிஸின் காலை வாரியது.

முப்பது அறுவடை அவள் பச்சை லாரியில் தன் வயல் சோளத்தை ஏற்றிக்கொண்டு கூட்டுறவுக் கிடங்குக்கு வந்தவள். தன் தானியத்தைத் தானே கொண்டுபோகும் விவசாயிக்கு எங்கள் ஊரில் பெரிய லாரி லைசென்ஸ் தேவையில்லை. எடைமேடையில் ஏறுவாள், கொட்டுவாள், இடப்பக்கம் திரும்பி வீட்டுக்குப் போவாள். கிடங்கிலிருந்து அந்தச் சோளத்தை ரயிலடிக்குக் கொண்டுபோவது கூட்டுறவின் சிவப்பு லாரி. அதை ஓட்டியவர் ஹார்லன் வோட்ராஷெக். அந்த லாரி வலப்பக்கம் திரும்பி, ஆற்றுப் பாலம் ஏறி, நெடுஞ்சாலையில் மறைவதை ஆர்டிஸ் எடைமேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும்வரை பார்ப்பாள்.

ஹார்லனுக்கு இடுப்பு போய்விட்டது. மாற்று எலும்பு வைத்தார்கள். அந்த வருஷம்தான் ஆர்டிஸும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாள். கிடங்கு மேலாளர் எல்டன் அவளைக் கூப்பிட்டார்.

"ஆர்டிஸ், அந்த சீட்டு காலியா இருக்கு. நீ ஓட்டுறியா?"

"ம்."

"கூட்டுறவுக்கு ஓட்டுறதுன்னா லைசென்ஸ் வேணும். சோளம் காயுறதுக்குள்ள எடுத்துட்டு வா. இல்லேன்னா வெளியூர்லேருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்துருவேன். வேற வழியில்ல எனக்கு."

லைசென்ஸ் கிடைக்காவிட்டால் அவளுக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. பள்ளிக்கூடச் சமையலறை. அதை நினைத்து ஆர்டிஸுக்கு எவ்வளவு கலக்கமோ, அதைவிட அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதிகம். அவள் வேகவைத்த மாவுருண்டை ஒன்று தவறி விழுந்து சர்ச் சமையலறையின் தரைப்பலகையைப் பிளந்துகொண்டு நிலவறைக்குப் போனது. இதில் வேண்டுமானால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சப் பாதியே போதும்.

அவள் எழுத்துத் தேர்வை எழுதினாள். ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு, பழகிய வண்டியாக இருக்கட்டும் என்று தன் பச்சை லாரியையே கொண்டுபோனாள். வளைத்தாள், பின்னால் எடுத்தாள், ஒரு கூம்பையும் தொடவில்லை. தேறிவிட்டாள். அட்டையை வாங்கிப் பார்த்தால் அதில் ஓர் எழுத்து, எல்.

உங்கள் ஊரில் எல் என்றால் கற்றுக்குட்டி. எங்கள் ஊரில் அதற்கு வேறு பொருள்: இந்த ஆள் ஏர் பிரேக் உள்ள வண்டியைத் தொடக் கூடாது. பச்சை லாரி எண்ணெய் பிரேக் வண்டி. எந்த பிரேக்கில் தேர்வு கொடுத்தாயோ அதோடு நிறுத்திக்கொள் என்பது சட்டம். சிவப்பு லாரியோ காற்றாலேயே நிற்பது, காற்றாலேயே மூச்சுவிடுவது. ஆக, அவளுக்கு லைசென்ஸ் கிடைத்தது, அந்த லாரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஓட்ட.

செய்தி அவளுக்கு முன்னால் காபிக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரோலண்ட் கோப்ரிவா அங்கே இருந்தார். ஆர்டிஸின் கணவருக்குப் பெரியப்பா மகன். கோல்டன்ராடில் எல்லோரும் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவர் ஒருவரே எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா ஆர்டிஸ்! எல்லு வாங்கிட்டியாமே! பள்ளிக்கூடத்துல ஏப்ரன் ரெடியா தொங்குதாம். உன் உருண்டையைப் பசங்க சாப்பிட்டா பல் டாக்டருக்கு நல்ல வரும்படி."

ஆர்டிஸ் காபியைக் குடித்தாள்.

"காத்து பிரேக்குன்னா என்ன லேசா? அதுக்கு டெஸ்ட்ல பேசணும் தெரியுமா? ஒவ்வொண்ணா தொட்டு, வாயால சொல்லணும். சொல்லாதது பார்க்காதது! நீ கல்யாணத்துக்கே ஒரு எழுத்துதான் சொன்னவ."

கோப்பையைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். ஆனால் ரோலண்ட் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. அந்த ஆளிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான், சில சமயம் சரியாகச் சொல்லிவிடுவார்.

பயிற்சி கொடுக்க ஹார்லன் ஒப்புக்கொண்டார். ஹார்லனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவர் வளர்த்த நாய் குரைக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை, வீட்டில் கேட்டுப் பழக ஒரு சத்தமும் இல்லாததால். அவர் லைசென்ஸ் எடுத்த காலத்தில் ஓட்டிக் காட்டினால் போதும், பேசிக் காட்டச் சொல்லவில்லை. இந்த இரண்டு பேரும் சிவப்பு லாரிக்குள் உட்கார்ந்து ஒரு மத்தியானம் முழுக்கப் பயிற்சி செய்தார்கள். ஹார்லன் காற்றழுத்த முள்ளைக் காட்டுவார். ஆர்டிஸ் தலையாட்டுவாள். ஹார்லன் பெடலைக் காட்டுவார். ஆர்டிஸ் அழுத்துவாள். முள் இறங்கும், எச்சரிக்கை மணி கத்தும், பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழ் டப்பென்று வெளியே குதிக்கும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வார்கள். அந்த லாரிக்குள் அன்று அதிகம் பேசியது மணிதான்.

கையும் காலும் எல்லாம் கற்றுக்கொண்டன. வாய் மட்டும் வகுப்புக்கே வரவில்லை.

மாவட்டத் தலைநகரில் தேர்வு எடுப்பவர் மிசஸ் கிட்ரெஜ். கறார், ஆனால் அநியாயம் செய்யாதவர். லோரெட்டாவும் நானும் பின்னாலேயே காரில் போனோம். லோரெட்டா சிம்சா ஆர்டிஸின் பள்ளித் தோழி. மாட்டுச்சந்தையில் ஏலம் விடுகிறவள். மூச்சுவிடாமல் ஒரு மந்தையை விற்பாள். இவர்கள் இருவரும் எப்படிச் சிநேகிதமானார்கள் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, ஒருத்திக்குக் காது வேண்டியிருந்தது.

வேலிக்கு வெளியே நின்றோம். எல்லாம் கேட்டது.

"மிசஸ் கோப்ரிவா, இந்தக் காத்துக் குழாயைப் பாருங்க. எப்படி இருக்கு?"

ஆர்டிஸ் குனிந்து பார்த்தாள். தடவினாள். முறுக்கிப் பார்த்தாள். ஒரு கன்றுக்குட்டியின் காலைப் பார்ப்பதுபோல அத்தனை பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"மோசமில்ல."

மிசஸ் கிட்ரெஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். "அப்படின்னா?"

"மோசமில்லன்னா... மோசமில்ல."

"வெடிப்பு, தேய்மானம், கசிவு. இதுல எது இருக்கு, எது இல்ல?"

"பெருசா ஒண்ணுமில்ல."

"பெருசா இல்லேன்னா சின்னதா இருக்குதா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன்."

"வேற எப்படிச் சொல்வீங்க?"

ஆர்டிஸ் வானத்தைப் பார்த்தாள். ஆலங்கட்டிக்கான மேகம் எதுவும் இல்லை, இருந்தாலும் துணியவில்லை. வண்டிக்குள் ஏறி பிரேக்கைப் பிடித்து நிறுத்தியபோதும் அதே கதை. காற்று எவ்வளவு இறங்கியது என்று கேட்டால் "ஏதோ கொஞ்சம்" என்றாள். முள் ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை. முழுக்க நிற்கிறது என்று சொன்னால் பெருமையடிப்பதாகிவிடுமே என்று அந்த லாரிக்கு இல்லாத கசிவை இவளாக இட்டுக்கட்டிச் சொன்னாள்!

மிசஸ் கிட்ரெஜ் காகிதத்தை மடித்தார். "ஏர் பிரேக் சோதனையில தவறினா மேற்கொண்டு ரோட்டுக்குப் போக முடியாதும்மா. எல்லு அப்படியே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு இடம் இருக்கு, வர்றீங்களா?"

"ம்."

எல்டனுக்கு விஷயம் எட்டியது. அவர் கையில் சோளத்தை வைத்து நகத்தால் கீறிப் பார்த்தார். இன்னும் ஈரம்; காய்ந்து அறுவடை தொடங்க வெள்ளிக்கிழமை தாண்டும். திங்கட்கிழமைக்கு வெளியூர் ஆளுக்குச் சொல்லிவைத்துவிட்டார், வேண்டாமென்றால் ஞாயிறு மாலைக்குள் நிறுத்திவிடலாம் என்று.

லோரெட்டா தன் அடுப்படியில் ஆர்டிஸை உட்காரவைத்து, கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியை முன்னால் தள்ளினாள்.

"ஏண்டி, உனக்கு வாய் இருக்குதா இல்லையா? அந்தக் குழாய் புதுசு! ஹார்லன் போன மாசம் மாத்தினது! 'வெடிப்பு இல்ல, கசிவு இல்ல'ன்னு சொல்ல என்ன வலிக்குது?"

ஆர்டிஸ் வெகுநேரம் மென்றாள். பிறகு, நான் அவளிடம் கேட்டதிலேயே மிக நீளமான வாக்கியத்தைச் சொன்னாள்.

"நம்ம வண்டியை நாமே நல்லாருக்குன்னு சொல்றது அசிங்கமா இருக்கு லோரெட்டா."

லோரெட்டா மேஜையில் தட்டினாள், ரொட்டிகள் எழுந்து உட்கார்ந்தன. "நம்ம வண்டியா? அது உன் வண்டியாடி? கூட்டுறவு வண்டி! நான் என் மாட்டை என்னிக்காவது புகழ்ந்திருக்கேனா? செத்தாலும் மாட்டேன். ஆனா ஊரான் மாட்டை மேடையில ஏத்திட்டா? அதோட வாலுக்கே நாலு நிமிஷம் பேசுவேன். அடுத்தவன் பொருளைப் புகழ்றது பெருமையில்ல, மரியாதை. நீ ஏலம் விட வந்த லாரின்னு நெனச்சுக்கோ. ஹார்லன் லாரி. ஹார்லனுக்கு நல்ல விலை வாங்கித் தரணும்னு நெனச்சுக்கோ."

ஆர்டிஸ் மெல்லுவதை நிறுத்தினாள். ஹார்லனுக்கு, அந்த இடுப்போடு, நல்ல விலை. அது அவளுக்குப் புரிந்தது. அவள் கண்ணில் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நானே பார்த்தேன்.

அந்த வாரம் லோரெட்டாவின் மாட்டுத் தொழுவத்தின் பக்கம் போனவர்கள் விசித்திரமான சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முதல் நாள் யாரோ கதவுக் கீலுக்கு எண்ணெய் போடாததுபோல இருந்ததாம். மூன்றாம் நாள் பசுக்கள் வரிசையாக நின்று கேட்டனவாம். வியாழக்கிழமை ஒரு காளை ஏலத்தில் தன்னைத்தான் விற்கிறார்கள் என்று நினைத்து மேடையில் ஏறி நின்றதாக லோரெட்டா சத்தியம் செய்கிறாள். காளையைப் பற்றி நான் பொறுப்பேற்க முடியாது.

வெள்ளிக்கிழமை. பயிற்சி பர்மிட் சட்டப்படி, லைசென்ஸ் உள்ள ஹார்லன் பக்கத்தில் உட்கார, ஆர்டிஸே சிவப்பு லாரியை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் வேலியோரம் போய் நின்றால், அங்கே ரோலண்ட்! தன் லைசென்ஸைப் புதுப்பிக்க வந்தாராம். அது காலாவதியாக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது.

"சும்மா வேடிக்கை பார்க்கத்தான்" என்றார், தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு. "பள்ளிக்கூடத்துக்கு நானே கொண்டுபோய் விட்டுடறேன் அவளை."

மிசஸ் கிட்ரெஜ் வேலிப் பக்கம் திரும்பினார். "வெளியிலேருந்து யாராவது ஒரு வார்த்தை உதவி செஞ்சா டெஸ்ட் ரத்து. ஜாடையும் கூடாது. புரியுதா?"

லோரெட்டா தன் வாயைக் கையாலேயே பொத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையின் மிகக் கடினமான காரியம் அது.

"ஆரம்பிக்கலாம் மிசஸ் கோப்ரிவா. இந்தக் குழாய்."

ஆர்டிஸ் குழாயைப் பார்த்தாள். பிறகு ஹார்லனைப் பார்த்தாள். தொண்டையைச் செருமினாள். அதுவே பக்கத்து வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கவைத்தது.

"வாங்க, கிட்ட வந்து பாருங்க! இந்தக் குழாயில வெடிப்பு இருக்கா? தடவிக் காட்டுறேன், இல்ல! தேஞ்சிருக்கா? இல்ல! காத்து கசியுதா? காதை வச்சுக் கேளுங்க, உஸ்ஸுங்கற சத்தம் இருக்கா? இல்லவே இல்ல! ரெண்டு முனையும் இறுகக் கட்டியிருக்கு, நீங்களும் நானும் சேர்ந்து இழுத்தாலும் வராது!"

மிசஸ் கிட்ரெஜின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு ஓடத் தொடங்கியது.

சக்கரத்துப் பக்கம் உள்ள பிரேக் காற்றுக் குடுவைகளுக்குப் போனாள். "இதோ பாருங்க, உருண்டு திரண்டு, ஒரு நசுக்கு இல்ல, ஒரு விரிசல் இல்ல!" காற்றுத் தொட்டியைத் தட்டினாள். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள், கொடுத்தேன் என்று ஊருக்கே அறிவித்தாள். வண்டிக்குள் ஏறினாள், கதவைத் திறந்தே வைத்தாள்.

"இன்ஜினை நிறுத்திட்டேன்! சாவி ஆன்ல இருக்கு! பார்க்கிங் பிரேக்கை விடுவிச்சாச்சு! இப்ப பெடலை அழுத்திப் பிடிக்கிறேன். ஒரு நிமிஷம் பிடிக்கணும், காத்தழுத்தம் மூணு பவுண்டுக்கு மேல இறங்கக் கூடாது. முள்ளைப் பாருங்க! அசையுதா? ஆணி அடிச்ச மாதிரி நிக்குது! இந்த மாதிரி காத்தைப் பிடிச்சு வச்சுக்குற லாரியை எந்த ஊர்ல பார்த்திருக்கீங்க? கால் நிமிஷம் ஆச்சு, அசையல! அரை நிமிஷம், அசையல! ஒரு தரம்! ரெண்டு தரம்!"

வேலியோரம் ரோலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்துகொண்டிருந்தார். சந்தையில் ஐம்பது வருஷம் உட்கார்ந்த மனிதர். "ரெண்டு தரம்" என்று கேட்டதும் அவர் கை தானாக எழுந்தது. தொப்பி விளிம்பைத் தொட்டது, சந்தையில் ஏலம் கேட்பதற்கு அதுதான் அடையாளம்.

லோரெட்டாவும் முப்பது வருஷம் சந்தையில் நின்றவள்தானே. "யெப்!" என்று, ஏலக் கேட்பை ஏற்கும் குரலில், அவரை நோக்கி விரலை நீட்டிவிட்டாள்.

எல்லாம் நின்றுபோயிற்று. லோரெட்டா மறுபடி வாயைப் பொத்திக்கொண்டாள். மிசஸ் கிட்ரெஜ் மெதுவாகத் திரும்பினார்.

"யார் அது சத்தம் போட்டது?"

வண்டிக்குள் ஆர்டிஸின் கால் மட்டும் பெடலை விடவில்லை. திங்கட்கிழமை வெளியூர் ஆள், பள்ளிக்கூடத்து ஏப்ரன், எல்லாம் அந்த ஒரு காலில் நின்றன.

"அது உதவியா?" என்றார் மிசஸ் கிட்ரெஜ். "நான் அதைத் தெரிஞ்சுக்கணும்."

அப்போதுதான் ஹார்லன் பேசினார். முற்றத்தின் ஓரத்தில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தவர், ஓரடி முன்னால் வந்தார்.

"மேடம், அந்த ஆளு என் லாரியை ஏலம் கேட்டாரு. இந்தம்மா அதை ஏத்துக்கிட்டாங்க. வண்டியில இருக்கறவளுக்கு அதுல என்ன உதவி? இடைஞ்சல்தான். அந்த இடைஞ்சல்லயும் அவ பெடலை விடல, பாருங்க."

ஹார்லன் அதற்கு முன்னால் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. பேசி முடித்துத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மிசஸ் கிட்ரெஜ் முள்ளைப் பார்த்தார். பெடலைப் பார்த்தார். ரோலண்டிடம் திரும்பினார். "சார், இந்த லாரி விற்பனைக்கு இல்ல."

"தெரியும் மேடம்" என்றார் ரோலண்ட், காதுவரை சிவந்து. "ஆனா... நல்ல லாரி."

நல்ல! ரோலண்ட் கோப்ரிவா வாயிலிருந்து! அன்று ஏன் ஆலங்கட்டி பெய்யவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"தொடருங்க மிசஸ் கோப்ரிவா."

தொடர்ந்தாள். எவ்வளவு தொடர்ந்தாள்! பெடலை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கினாள், ஒவ்வொரு மிதிக்கும் லாரி புஸ் புஸ் என்று மூச்சுவிட்டது. "அறுபது, அதுக்குக் கீழ போறதுக்குள்ள மணி கத்தணும்... கத்திடுச்சு பாருங்க! கொஞ்சமும் பொய் சொல்லாத மணி!" இன்னும் மிதித்தாள். "இருபதுக்கும் நாற்பத்தஞ்சுக்கும் நடுவுல குமிழ் வெளியே வரணும், காத்து போனாலும் லாரி தானா நின்னுக்கணும். இதோ வருது, இதோ..." டப்! மஞ்சள் குமிழ் குதித்தது. வரிசையில் நின்ற ஒரு பையனும் அவன் அம்மாவும் கைதட்டினார்கள். அவர்கள் கார் லைசென்ஸுக்கு வந்தவர்கள்.

பிறகு சாலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, முப்பது அறுவடை ஓட்டியவள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்த லாரி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல நின்றது. திரும்பி வந்து இறங்கியதும் மிசஸ் கிட்ரெஜ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"எல்லு எடுத்தாச்சு. தேறிட்டீங்க. போற வழியில தொண்டைக்கு ஏதாவது சூடா குடிங்க."

லோரெட்டா வேலியைத் தாண்டிக் குதித்தாள். அந்த வயதில், அந்தப் பாவாடையில்! இதில் எதையும் கழிக்க வேண்டாம், வேலி வளைந்தே இருக்கிறது, போனால் பார்க்கலாம். ஆர்டிஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஹார்லன் மூக்கைச் சிந்தினார். ஆர்டிஸ் புது அட்டையில் எல் இல்லாத அந்த வெற்றிடத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். எல்டனுக்கு அவளே போன் செய்தாள். "வெளியூர் ஆளை வேண்டாம்னு சொல்லிடு எல்டன்" என்றாள். மறுமுனையில் எல்டன், "ஹலோ, யாரு பேசறது?" என்று மூன்று முறை கேட்டாராம்.

திங்கட்கிழமை சோளம் வந்தது. எடைமேடைக்குப் பின்னால் வண்டிகள் நெடுஞ்சாலைவரை நின்றன. எல்டன் கிடங்கின் வாயைத் திறந்தார், மஞ்சளாகக் கொட்டியது, சிவப்பு லாரி கனத்துக் கனத்துத் தாழ்ந்தது. ஆர்டிஸ் வலப்பக்கம் திருப்பினாள்.

ஊர் நடுவே, காபிக்கடைக்கு எதிரில் 'நில்' என்ற பலகை. அவள் நிறுத்தினாள். லாரி நீளமாக மூச்சுவிட்டது, தெருவில் கிடந்த இலைகள் எழுந்து பறந்தன. கடையில் இருந்த அத்தனை பேரும் கண்ணாடிக்கு வந்துவிட்டார்கள். ரோலண்ட் கோப்பையோடு நடுத்தெருவுக்கே வந்து, முன்சக்கரத்துக்கு எதிரே நின்றுகொண்டார்.

"என்ன ஆர்டிஸ், முதல் நடையா? பாலம் ஏறும்போது பயமா இருக்குமே? ஹார்லன் என்ன சொல்வான்னா..."

அவள் கண்ணாடியை இறக்கி, முழங்கையை வெளியே வைத்து, தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ரோலண்ட், உன் கதையை அப்புறம் கேக்குறேன். காத்து நிரம்பியிருக்கு, பிரேக் பிடிக்கும், ஆனா உன் மேல ஏறிட்டா யாருக்கும் லாபமில்ல. வழி விடு, சோளம் காத்துக்கிட்டிருக்கு."

ரோலண்ட் வழி விட்டார். காபி கொட்டிய கையோடு, வாய் திறந்தபடி, நடைபாதையில் ஏறி நின்றார். லாரி பாலத்தில் ஏறி நெடுஞ்சாலையைத் தொட்டது. அன்று மாலைவரை ரயிலடிக்குப் போவதும் வருவதுமாக அந்தச் சத்தம் ஊரில் கேட்டுக்கொண்டே இருந்தது.